டிவி கார் ரெஸ்டொரேஷனும் நம் பழைய கார்க்காரர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனில் பழைய கார் வைத்திருக்கும் நாலு பேர் ஒன்றாக நின்றால், அது சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டு வாசலாக இருந்தாலும் சரி, பீட்டர்மரிட்ஸ்பர்க் 'கார்ஸ் இன் த பார்க்' கார் கண்காட்சி மைதானமாக இருந்தாலும் சரி, பேச்சு கொஞ்ச நேரத்தில் டிவியில் பார்த்த ஏதாவது ஒரு கார் ரெஸ்டொரேஷன் நிகழ்ச்சிக்கு, அதாவது பழைய வண்டியைப் பிரித்துப் புதுப்பிக்கும் நிகழ்ச்சிக்கு, வந்துவிடும். ஒருவர் புகழ்வார், பக்கத்தில் நிற்பவர் கொதிப்பார். புதிதாக ஆர்வம் வந்தவர்கள் நடுவில் நின்று குழம்புவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

டிவி ரெஸ்டொரேஷனைப் பார்த்தால் பழைய கார்க்காரர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது?

எல்லாருக்கும் வருவதில்லை. வருகிறவர்களிடம் உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் வலிக்கும் இடம் ஒன்றுதான். ஐம்பது வருஷமாக யாரும் கை வைக்காமல், தொழிற்சாலையில் அடித்த பெயின்டோடும் பழைய சீட் துணியோடும் தப்பிப் பிழைத்த ஒரு வண்டியைப் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு வருவார்கள், விளம்பரம் முடிந்து திரும்பி வருவதற்குள் அதன் கூரையை அறுத்து முடித்திருப்பார்கள். துரு தின்று ஒன்றுக்கும் உதவாமல் கிடக்கும் கூட்டை எடுத்து அப்படிச் செய்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நல்ல வண்டியை அறுத்தால் எவ்வளவு பணம் கொட்டினாலும் அந்த வண்டி திரும்பக் கிடைக்காது, அதுதான் தாங்க முடியவில்லை.

இன்னொரு எரிச்சல், நேரம் போகும் விதம். வெல்டிங் எப்படிப் போட்டார்கள், கதவு இடைவெளியை எப்படிச் சமன் செய்தார்கள் என்று பார்க்க உட்கார்ந்தால், முதலாளியும் மெக்கானிக்கும் போடும் சண்டையே பாதி நேரம் ஓடுகிறது. நாளைக் காலைக்குள் முடியாவிட்டால் எல்லாம் போச்சு என்கிற அந்தப் பதற்றம் ஒவ்வொரு வாரமும் வருகிறது, வேலை மட்டும் கண்ணில் படுவதில்லை.

அதிகம் திட்டு வாங்கிய உதாரணம், 'ஃபாஸ்ட் அண்ட் லவுட்' நிகழ்ச்சியில் வந்த ஃபெராரி எஃப்40. அமெரிக்காவில் டாலஸ் நகரத்தில் ரிச்சர்ட் ராலிங்ஸ் நடத்தும் கேஸ் மங்கி கராஜ், அடிபட்ட ஒரு எஃப்40-ஐ வாங்கிச் சரிசெய்து கறுப்பு பெயின்ட் அடித்தது. 1987 முதல் 1992 வரை ஃபெராரி கட்டியது 1,300-க்குச் சற்று மேல், ஏறக்குறைய அத்தனையும் ஆலையை விட்டு வெளியே வந்தது சிவப்பில். அதனால் உலகம் முழுக்கப் பெரிய கூச்சல். எனக்கு அந்த விஷயத்தில் அவ்வளவு கோபம் இல்லை. அடிபட்டுக் கிடந்த வண்டி மறுபடி ரோட்டுக்கு வந்தது, பெயின்ட் என்பது உரித்துவிட்டுத் திரும்ப அடிக்கக்கூடிய ஒன்று. கூரையை அறுப்பதும் கறுப்பு அடிப்பதும் ஒரே குற்றம் இல்லை.

ஒரு வாரத்தில் ஒரு காரை நிஜமாகவே முடிக்க முடியுமா?

உழைப்புக் கணக்கில் முடியும், அதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். 2004-இல் தொடங்கிய 'ஓவர்ஹாலின்' நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சிப் ஃபூஸ் என்கிற டிசைனர், சொந்தக்காரருக்குத் தெரியாமல் வண்டியை எடுத்துவந்து, சுமார் ஒரு வாரத்தில் முழுசாக மாற்றித் திருப்பிக் கொடுப்பார். ஒரு பேச்சுக்கு 20 பேர், ஷிஃப்ட் போட்டு நாளுக்கு 16 மணி நேரம், ஏழு நாள் என்று வைத்தால் 2,240 மணி நேரம் ஆகிறது. ஒரு முழு ரெஸ்டொரேஷன் 1,000 மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம்தான், ஆக அந்த ஒரு வாரத்துக்குள் போதுமான உழைப்பு இருக்கிறது. அதே 2,240 மணி நேரத்தை நீங்கள் தனி ஆளாக, சனி ஞாயிறு சேர்த்து 10 மணி நேரம் என்று செய்தால் நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். அதனால் கராஜில் வண்டியைப் பிரித்துப் போட்டு ஒரு வருஷம் ஆகியும் முடியவில்லையே என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. மனைவி கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஆனால் ஆள் எத்தனை பேர் வந்தாலும் அவசரப்படுத்த முடியாத சில விஷயங்கள் உண்டு. பாடி ஃபில்லர், நாம் பட்டி என்று சொல்வது, காய்ந்த பிறகும் கொஞ்சம் சுருங்கும். அடிப்பூச்சான ப்ரைமரும் அப்படித்தான். அடியில் இருக்கும் கரைப்பான் முழுக்க வெளியேறும் முன்பே மேலே நிறமும் பளபளப்புக்கான கிளியரும் அடித்து மூடிவிட்டால், அன்றைக்கு கண்ணாடி மாதிரி இருக்கும், சில வாரம் போனதும் தேய்த்த கோடுகள் மேலே தெரிய ஆரம்பிக்கும், சில இடத்தில் கொப்புளம்கூட வரும். சூடேற்றும் பெயின்ட் பூத் இருந்தால் நேரம் குறையும், இல்லாமல் போகாது. கேமரா அணைந்து மூணு மாசம் கழித்து அந்த பெயின்ட் எப்படி இருந்தது என்று எந்த நிகழ்ச்சியும் திரும்பப் போய்க் காட்டுவதாக நான் பார்க்கவில்லை. நான் பார்க்க விரும்புவது அந்த எபிசோடைத்தான்.

'வீலர் டீலர்ஸ்' மாதிரி வாங்கி, சரிசெய்து, லாபத்துக்கு விற்க முடியுமா?

அந்த நிகழ்ச்சியின் கடைசியில் ஒரு கணக்கு போடுவார்கள்: வண்டி வாங்கிய விலை, பாகங்களின் விலை, விற்ற விலை. மெக்கானிக்கின் கூலி அந்தக் கணக்கில் கிடையாது. பட்டறை வாடகை, மின்சாரம், கருவிகள், ஒன்றும் கிடையாது. பல எபிசோடில் கூலியைச் சேர்த்தால் லாபம் என்று காட்டுவது நஷ்டமாகிவிடும். இது ரகசியம் ஒன்றும் இல்லை, ஆனால் மனசில் பதிவதில்லை, அதுதான் சிக்கல். நம் ஊரில் தகடு வேலை செய்யும் ஒரு பேனல் பீட்டரிடம் போய் வண்டியைக் காட்டியதும் அவர் சொல்லும் தொகையைக் கேட்டு "டிவியில் இவ்வளவு ஆகலையே" என்று முகம் சுளிக்கிறவர்கள் ரொம்பப் பேர். அவர் ஏமாற்றவில்லை. டிவி சேர்க்காத கூலியை அவர் சேர்க்கிறார், அவருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

இருந்தாலும் அந்த நிகழ்ச்சியைப் பழைய கார்க்காரர்கள் பலர் மதிக்கிறார்கள், அதற்குக் காரணம் எட் சைனா. 2003-இல் தொடங்கியதிலிருந்து அவர்தான் பட்டறையில் நின்று, எந்த நட்டை எப்படிக் கழற்றுவது என்பதுவரை நிதானமாகக் காட்டுவார். பட்டறைக் காட்சிகளைக் குறைக்கச் சொன்னதால் விலகுவதாக 2017-இல் அவரே அறிவித்தார். எனக்குத் தெரிந்த பலருக்கு அதற்குப் பிறகு அந்த நிகழ்ச்சி ஒட்டவில்லை. கற்றுக்கொள்ள இருந்த பகுதியைத்தான் நீளமாக இருக்கிறது என்று வெட்டினார்கள்.

அப்படியென்றால் எதைத்தான் பார்க்கலாம்?

எட் சைனா இருந்த காலத்து எபிசோடுகள். அப்புறம் பிரிட்டனின் 'கார் எஸ்ஓஎஸ்', அதில் ஃபஸ் டவுன்ஷெண்ட் அடித்தட்டு வெல்டிங்கையும் துருவையும் மறைக்காமல் காட்டுவார், வண்டியும் பெரும்பாலும் அதன் குணம் மாறாமல் திரும்பிப் போகும். கிரைஸ்லர் குடும்பத்து வண்டிகளில் ஆர்வம் இருந்தால் 'கிரேவ்யார்ட் கார்ஸ்'. அதில் பேச்சு அதிகம், ஆனாலும் ஒரு போல்ட்டின் பூச்சு எந்த நிறத்தில் இருந்தது என்பதுவரை தோண்டுவார்கள். 'பிம்ப் மை ரைட்' மாதிரி டிக்கியில் டிவி வைக்கும் நிகழ்ச்சிகளை ரெஸ்டொரேஷன் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அதில் வந்த சிலர், படப்பிடிப்பு முடிந்ததும் வைத்த பொருள்களில் சிலவற்றைக் கழற்றிக்கொண்டார்கள் என்று பின்னால் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரிஜினல்தான் உயர்ந்தது, மாற்றம் எல்லாம் பாவம் என்கிறீர்களா?

இல்லை. தென் ஆப்பிரிக்காவில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லவே முடியாது.

இந்த நாட்டில் சேகரிப்பவர்கள் இன்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் வண்டிகள் எவை என்று பாருங்கள். ஃபோர்டு கப்ரி பெரானா: 1970-களின் தொடக்கத்தில் பேசில் கிரீன் என்பவர் கப்ரியின் வி6 எஞ்சினைக் கழற்றிவிட்டு 5 லிட்டர் வி8-ஐ உள்ளே வைத்தார், அதை ஃபோர்டு டீலர்களே வாரண்டியோடு விற்றார்கள். ஷெவ்ரலே ஃபிரென்சா கேன்-ஆம்: ரேஸ் ஓட்டுநர் பேசில் வான் ரூயன் முனைந்து நின்றதால், ஒரு சின்னக் குடும்பக் காருக்குள் கமாரோ இசட்28-இன் 5 லிட்டர் வி8 போனது, 1973 வாக்கில் 100 வண்டி கட்டினார்கள். பிஎம்டபிள்யூ 333i இன்னும் சுவாரசியம். அந்தக் காலத்து பிஎம்டபிள்யூவின் ஸ்போர்ட்ஸ் மாடலான எம்3 இடது பக்க ஸ்டியரிங்கில் மட்டுமே வந்ததால் நமக்குக் கிடைக்கவில்லை. அதற்கு ஈடாக பிரிட்டோரியா பக்கம் ரோஸ்லின் ஆலையில், ஜெர்மனியின் ஆல்பினா கம்பெனி துணையோடு, 3 சீரிஸ் உடம்புக்குள் பெரிய வண்டியின் 3.2 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினை இறக்கினார்கள். 1985-க்கும் 1987-க்கும் இடையில் சுமார் 200 வண்டிகள்தான். 5 லிட்டர் வி8 வைத்த ஃபோர்டு சியெரா எக்ஸ்ஆர்8-ம் இதே ஜாதி.

இவை எல்லாமே எஞ்சின் மாற்றிய வண்டிகள். இன்றைக்கு ஒரு பெரானாவில் மறுபடி வி6-ஐ வைத்தால் அதுதான் பாவம் என்று எல்லாரும் அடிக்க வருவார்கள். அப்படியானால் அந்த மாற்றத்துக்கும் டிவியில் பார்க்கும் மாற்றத்துக்கும் என்ன வித்தியாசம்? எஞ்சினைப் பெரிதாக்கியவர்கள் அதற்கு ஏற்ற மாதிரி ப்ரேக், சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் என்று கீழே வரைக்கும் யோசித்தார்கள். என்ன செய்தோம் என்று எழுதி வைத்தார்கள். அந்த வண்டிகள் அப்போது ஷோரூமில் இருந்து வந்த சாதாரண வண்டிகள், ஊரில் மிச்சம் இருந்த கடைசி ஒன்றைப் பிடித்து அறுக்கவில்லை. ஒரு மாற்றத்தை நான் எடை போடுவது இந்த மூன்றையும் வைத்துத்தான்: அடியில் உள்ள வேலை ஒழுங்காக இருக்கிறதா, கணக்கு எழுதி இருக்கிறதா, பலி கொடுத்த வண்டி என்ன வண்டி. மேலே என்ன நிறம், எத்தனை இன்ச் வீல் என்பது அவரவர் ஆசை. அதற்குச் சண்டை போடுவது வீண்.

தாத்தாவின் ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் கராஜில் நிற்கிறது. டிவியில் செய்வது மாதிரி தாழ்த்தி, மேக் வீல் (அலாய் வீல்) போட்டு, ஜப்பான் எஞ்சின் வைக்கலாம் என்று தம்பி சொல்கிறான். பெரியப்பா ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாதே என்கிறார். யார் சொல்வது சரி?

இந்தக் கேள்வி வண்டியின் பெயர் மட்டும் மாறி வந்துகொண்டே இருக்கிறது: ஆஸ்டின், மாரிஸ் மைனர், ஃபோர்டு ஆங்லியா, பெஜோ 404, வேலியன்ட். நம் குடும்பங்களில் அந்த வண்டிகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது தம்பிக்குத் தெரிய வேண்டும். இனத்துக்கு ஒரு குடியிருப்புப் பகுதி என்று பிரித்த 1950-இன் குரூப் ஏரியாஸ் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் மக்களைக் கிளப்பி 1960-களில் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டபோது, வேலை, கோயில், மார்க்கெட், சொந்தக்காரர் எல்லாமே தூரமாகப் போனது. தெருவில் ஒருவரிடம் கார் இருந்தால் அது தெருவுக்கே கார். கல்யாணப் பெண் அதில்தான் போவாள், பிரசவத்துக்கும் அதுதான், கேட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயத்துத் தீமிதிக்குப் போனால் பின் சீட்டில் எத்தனை பிள்ளைகள் ஏறினார்கள் என்று ஆயாவைக் கேட்டால் தெரியும். அந்த ஸ்டியரிங்கில் தேய்ந்திருப்பது தாத்தாவின் கை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு மரப்பிடி வைத்த சின்ன ஸ்டியரிங் போடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது, நேராகவே சொல்கிறேன்.

ஆனால் பெரியப்பா சொல்வதும் வேலைக்கு ஆகாது. தொடாமல் வைத்தால் வண்டி பிழைக்காது, நின்ற இடத்திலேயே மக்கிப் போகும். ப்ரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து சிலிண்டர்களை உள்ளே இருந்து அரிக்கும், பெட்ரோல் டாங்கில் கோந்து பிடிக்கும், ரப்பர் எல்லாம் வெடிக்கும். முதலில் ஓட்ட வையுங்கள்: ப்ரேக், டயர், ஹோஸ், வயரிங். தம்பிக்கு ஆசை இருந்தால் திரும்ப மாற்றக்கூடிய மாற்றங்களைக் கொடுங்கள். எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கலாம், முன்னால் டிஸ்க் ப்ரேக் போடலாம், நல்ல ரேடியேட்டர், சீட் பெல்ட், ஏன், மேக் வீல்கூடப் போடலாம், பழைய வீலைக் கழுவி மேலே கட்டிவைத்தால் போதும். பாடியில் அறுப்பதோ ஓட்டை போடுவதோ கூடாது. எஞ்சினை மாற்றியே தீருவேன் என்றால், பழைய எஞ்சினில் ப்ளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, வாய்களை அடைத்து, பிளாஸ்டிக்கில் சுற்றி அதே கராஜில் வையுங்கள். தம்பியின் மகனுக்கு அது வேண்டியிருக்கலாம். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுத்துப் பெயர் எழுதிப் பையில் போடுவது சலிப்பான வேலை, அதனால்தான் டிவியில் வருவதில்லை, அதை விட்டவர்கள் வண்டி பல கராஜ்களில் பெட்டிகளாகவே கிடக்கிறது.

டிவியில் துருவை மணலடித்து உடனே பெயின்ட் அடிக்கிறார்கள். டர்பனில் அது போதுமா?

போதாது. கடல் காற்றில் உப்பு, வருஷம் முழுக்க ஈரம், இரண்டும் சேர்ந்தால் இரும்புக்கு இதைவிடக் கெட்ட ஊர் இந்த நாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் உள்நாட்டில் வறண்டு கிடக்கும் கரூ பக்கமும் ஃப்ரீ ஸ்டேட் பக்கமும் வண்டி தேடிப் போகிறார்கள், அங்கே பெயின்ட் வெயிலில் வெளுத்திருக்கும், சீட் பொரிந்திருக்கும், ஆனால் இரும்பு கெட்டியாக இருக்கும். வெளுத்த பெயின்டைச் சரிசெய்வது எளிது, தின்றுபோன இரும்பைச் சரிசெய்வது அப்படி இல்லை.

பெயின்டில் ஒரு சின்னக் கொப்புளம் தெரிந்தால் துரு உள்ளே இருந்து வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ஸில், தரைத் தகடு, பேட்டரி உட்காரும் தட்டு, பின்பக்க ஸ்ப்ரிங் மாட்டும் இடம், வின்ட்ஸ்க்ரீன் ரப்பருக்கு அடியில், இவைதான் முதலில் போகும். ஸில் என்பது அழகுக்கு இல்லை, இந்த வண்டிகளில் பலவற்றுக்குத் தனி சேசிஸ் கிடையாது, ஸில்தான் முதுகெலும்பு. அதில் பட்டி பூசி மூடிய வண்டி பார்க்க நல்லா இருக்கும், ஒரு மோதலில் மடங்கிவிடும். மணலடித்தால் மறைந்திருந்த ஓட்டைகள் தெரியும், அது நல்லது. ஆனால் போனட், கூரை மாதிரி அகலமான மெல்லிய தகட்டில் முரட்டு மணலை வேகமாக அடித்தால் தகடு நெளிந்து போகும், பிறகு அதை நேராக்க ஆண்டவன்தான் வர வேண்டும். அடித்த இரும்பை டர்பன் ஈரத்தில் ஒரு ராத்திரி வெறுமனே விட்டாலே செந்நிறம் பிடிக்கும், அதனால் அன்றைக்கே எபாக்ஸி ப்ரைமர் அடிக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஸிலுக்கும் கதவுக்கும் உள்ளே மெழுகு தெளிக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை நான் ஒரு நிகழ்ச்சியிலும் சரியாகப் பார்த்ததில்லை, இங்கே ரெஸ்டொரேஷன் எத்தனை வருஷம் தாங்கும் என்பதை முடிவு செய்வதே அதுதான்.

வீட்டிலேயே பெயின்ட் அடிக்கலாமா? டிவியில் சின்ன முகமூடி போட்டுக்கொண்டு அடிக்கிறார்களே.

ப்ரைமர் தேய்ப்பது, பட்டி வேலை எல்லாம் செய்யலாம், தூசி முகமூடி போட்டுக்கொண்டு. ஆனால் இரண்டு பாகம் கலந்து அடிக்கும் 2கே பெயின்டில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒரு தடவை வந்தால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு திணறும். அதற்கு வெளியிலிருந்து நல்ல காற்றுக் குழாயில் வரும் முகமூடி வேண்டும். பின்கட்டில் துணி காயும் கம்பிக்குப் பக்கத்தில், பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அதை அடிக்காதீர்கள், பூத் உள்ளவரிடம் கொடுங்கள்.

இதே மாதிரி இன்னொன்று. பழைய ப்ரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தென் ஆப்பிரிக்கா 2008-இல்தான் அதைத் தடை செய்தது. ட்ரம்மைக் கழற்றியதும் காற்றடித்து ஊதும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

லெக்ஸஸ் வி8 மலிவாகக் கிடைக்கிறது. பழைய ஃபோர்டு கார்டினாவில் இறக்கலாமா?

இறக்குகிறார்கள், நன்றாக இறக்கிய வண்டிகளும் உண்டு, மஸ்டாவின் ரோட்டரி எஞ்சின்கூட இந்த ஊரில் எத்தனையோ பழைய வண்டிக்குள் போயிருக்கிறது. ஆனால் டிவியில் எஞ்சின் தொங்கிக்கொண்டு இறங்கும் காட்சியோடு வேலை முடிந்த மாதிரி இருக்கும். நிஜத்தில் அங்கேதான் தொடங்குகிறது. ப்ரேக் போதுமா, மாஸ்டர் சிலிண்டர் ஒரே சர்க்யூட்டா இரண்டா, பின் ஆக்ஸில் தாங்குமா, டர்பன் டிராஃபிக்கில் ஜனவரி மாசம் நின்றால் சூடு ஏறாமல் இருக்குமா, வயரிங்கை யார் செய்வது? பட்ஜெட்டில் எஞ்சினுக்கு வைத்த தொகைக்கு மேல் இதற்கெல்லாம் வைக்க முடியாவிட்டால் செய்யாதீர்கள். தாழ்த்துவதற்காகக் காயில் ஸ்ப்ரிங்கை அறுக்கும் வேலையும் வேண்டாம், ஸ்ப்ரிங் இருக்கை விட்டு நழுவும்.

காகிதமும் இருக்கிறது. எஞ்சின் எண் மாறினால் போலீஸ் க்ளியரன்ஸ் வாங்கிப் பதிவிலும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் விற்கும்போது, ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி சோதனையில் மாட்டும், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கையை விரிப்பார். இங்கே சொந்தக் காருக்கு ரோட்வொர்த்தி சோதனை பெரும்பாலும் பெயர் மாற்றும்போதுதான் வருகிறது, வருஷா வருஷம் லைசென்ஸ் டிஸ்க் மட்டும் புதுப்பிக்கிறோம். அப்பா பெயரிலேயே இருக்கும் வண்டியை முப்பது வருஷம் யாருமே சோதித்திருக்க மாட்டார்கள், ஆகவே நீங்களே ஒரு நல்ல ஆளிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பழைய எஞ்சினுக்கு இன்றைய பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

2006-லிருந்து இங்கே ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை. வால்வ் உட்காரும் இடம் மென்மையான இரும்பாக இருந்தால், அதிக வேகத்தில் ரொம்ப நேரம் ஓட்டும்போது அது தேயும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் சமயத்தில் கெட்டியான வால்வ் ஸீட் வைத்துவிடுங்கள், அதற்கென்றே தனியாகக் கழற்ற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பீச் வரை ஓட்டுகிறவருக்கு வால்வ் ஸீட்டுக்கான திரவத்தை டாங்கில் ஊற்றுவதே போதும்.

சிட்டி கோல்ஃபையும் கிளாசிக் என்று சேர்க்கலாமா?

சேர்க்கலாம். 1984 முதல் 2009 வரை யூட்டன்ஹேக்கில் செய்த வண்டி, உலகம் கோல்ஃப் 1-ஐ மறந்த பிறகும் நாம் அதை ஓட்டிக்கொண்டிருந்தோம். அதில் பாதி இளைஞர்கள் கையில் போய்த் தாழ்ந்து, அகல வீல் வாங்கி, ஸ்பீக்கர் பெட்டியாக மாறிவிட்டது. அதனால் மாற்றாத ஒன்று, ஆரம்பகாலச் சிவப்பு, மஞ்சள், நீலத்தில் ஒன்று, யாராவது பாட்டி வீட்டில் நின்றால் தயவுசெய்து அப்படியே விடுங்கள். டொயோட்டா கான்குவஸ்ட் ஆர்எஸ்ஐ-க்கும் ஓப்பல் கடெட் சூப்பர்பாஸுக்கும் இதே வேண்டுகோள்.

டிவியில் பார்த்த அமெரிக்கக் காரை அங்கிருந்தே இறக்கலாமா?

பழைய வண்டி இறக்குமதிக்கு ஐடாக் (ITAC) என்கிற அரசு வர்த்தக ஆணையத்தின் அனுமதி வேண்டும், அதுவும் கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே. இடது பக்க ஸ்டியரிங் வண்டியைப் பதிவு செய்வது தனித் தலைவலி. அனுமதிக் கடிதம் கையில் வராமல் ஒரு ரேண்ட்கூட அனுப்பாதீர்கள்.

பையன் இந்த நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு மெட்ரிக் முடித்ததும் பேனல் பீட்டிங்தான் படிப்பேன் என்கிறான். அவன் அப்பாவுக்குக் கோபம். என்ன சொல்வது?

அக்கா, இந்த நிகழ்ச்சிகள் செய்த நல்ல காரியம் இதுதான் என்று நான் நினைக்கிறேன், அவனைத் தடுக்காதீர்கள். ஸ்பேனர் பிடிப்பது கௌரவமான வேலை என்று ஒரு பதினேழு வயசுப் பையனுக்கு டிவி காட்டியிருக்கிறது. நம்மில் முந்திய தலைமுறை இந்தத் தொழிலை எவ்வளவு சிரமப்பட்டுக் கற்றது! இந்தியர்களான நமக்கென்று டர்பனில் எம்.எல். சுல்தான் டெக்னிக்கல் கல்லூரி வந்ததே 1946-இல்தான், பலர் அங்கேயும் போக வழியில்லாமல் பின்கட்டுப் பட்டறையில் மாமாவுக்கு டார்ச் பிடித்தே கற்றார்கள். கையால் தகடு தட்டி ஒரு மட்கார்டை வளைத்துக் கொடுக்கும் அந்த ஆட்களுக்கு இப்போது எழுபது வயசு தாண்டிவிட்டது, அவர்களிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் குறைவு. பையன் தொழிற்கல்வி தரும் டிவெட் (TVET) கல்லூரியில் சேர்ந்து, அப்ரெண்டிஸாக இருந்து, ட்ரேட் டெஸ்ட் எழுதி ரெட் ஸீல் என்கிற தொழில் தகுதிச் சான்றை வாங்கட்டும். அதற்கு முன்னால் பள்ளி விடுமுறையில் ஒரு பழைய பட்டறையில் கொண்டுபோய் விடுங்கள். டிவியில் வராத வேலை, தேய்ப்பதும் கழுவுவதும், அதுதான் முதல் மாசம் முழுக்கக் கிடைக்கும். அதற்குப் பிறகும் போக வேண்டும் என்று சொன்னால் அப்பாவிடம் நீங்கள் பேசலாம்.

'டிவியில் வருவது மாதிரி முழு ரெஸ்டொரேஷன் செய்தது' என்று விளம்பரம் போட்டு ஒரு வண்டி விற்கிறார்கள். பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பகலில் போங்கள், மழை நின்ற உடனே போகாதீர்கள், ஈர பெயின்ட் எல்லா வண்டியிலும் பளபளக்கும். மெல்லிய துணியில் ஒரு சின்ன காந்தத்தைச் சுற்றிக்கொண்டு ஸில், மட்கார்டு வளைவு, கதவின் கீழ்ப்பக்கம் எல்லாம் வைத்துப் பாருங்கள், பிடிக்காத இடத்தில் உள்ளே பட்டி. பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது, ஆலையில் அடித்த பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் பக்கம் இருக்கும், ஆயிரம் காட்டினால் அங்கே ஒரு கதை இருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க விடாவிட்டால் கிளம்பிவிடுங்கள். எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் பதிவுக் காகிதத்தோடு நீங்களே ஒப்பிடுங்கள்.

முக்கியமாக, வேலை நடந்தபோது எடுத்த போட்டோக்களைக் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்தவர் வெறும் இரும்பாக நின்ற வண்டியை எத்தனை கோணத்தில் எடுத்தார் என்று அவரே ஆசையாகக் காட்டுவார், நீங்கள் போதும் என்று சொல்லும்வரை நிறுத்த மாட்டார். முன்னால் ஒரு போட்டோ, முடிந்த பிறகு ஒரு போட்டோ, நடுவில் ஒன்றும் இல்லை என்றால் அதை முழு ரெஸ்டொரேஷன் விலைக்கு வாங்காதீர்கள், பெயின்ட் அடித்த பழைய வண்டியின் விலையைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.